காதுக்கு மேல் ஒரு ஓட்டை

எம்.பி. வருகிறார் என்றால் ஹெல்மெட் தொழிற்சாலையில் முதலில் கக்கூசைத்தான் கழுவுவார்கள். மற்ற நாட்களில் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. நானூறு பேரும் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். எம்.பி. அதற்குள் ஒரு நாளும் காலை வைத்ததில்லை. ஆனாலும் கழுவுவார்கள், வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த வாசனை வந்தாலே பதினேழு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பார்.

பதினேழு என்பது அவருடைய சீல் நம்பர். பட்டாளத்துக்குப் போகிற ஒவ்வொரு ஹெல்மெட்டையும் கையில் வாங்கி, தட்டிப் பார்த்து, விளிம்பைத் தடவி, சரியென்றால் உள்பக்கம் மை சீல் குத்துகிற வேலை அவருக்கு. இருபத்தாறு வருஷமாகக் குத்திக் குத்தி, வாட்ச்மேன் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் பதினேழு அண்ணனாகிவிட்டார். பெண்டாட்டியே கோபம் வந்தால், "பதினேழு சார் இன்னைக்கு என்னை பாஸ் பண்ணுவாரா?" என்று கேட்பாள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் கை தராசு மாதிரி. எவன் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார், கையில் கொடு என்பார்.

அங்கே ஹெல்மெட் செய்வது இரும்பில் அல்ல. முரட்டுத் துணியை அடுக்கடுக்காக வைத்து, பிசின் ஊற்றி, சூடான அச்சில் அமுக்கினால் கல் மாதிரி ஆகிவிடும். அறுநூறு சேர்ந்தால் ஒரு லாட். லாட்டுக்கு ஒன்றை எடுத்துக் களிமண் தலையில் மாட்டிச் சுடுவார்கள். களிமண்ணில் விழுகிற குழி இருபத்தைந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் லாட் பாஸ், அதற்கப்புறம்தான் சீல். மேலே போனால் அத்தனையும் கழிவு. கழிவு என்றால் அன்றைக்கே ஒவ்வொன்றிலும் காதுக்கு மேலே, சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு டிரில் மிஷினால் ஓட்டை போட வேண்டும். எவனும் பிற்பாடு சீல் குத்தி விற்றுவிடக் கூடாதே, அதற்கு. அந்த வேலையும் பதினேழுடையதுதான்.

போன வருஷம் பட்டாளம் எங்களுக்கு ஹெல்மெட் போதும், லாரி கொடுங்கள் என்றது. எம்.பி. பாராளுமன்றத்தில் பாதுகாப்புக் கமிட்டியில் இருக்கிறவர். எங்கள் ஊருக்கு ஹெல்மெட் ஆர்டர் வராமல் ஒரு லாரிக்கும் நான் கை தூக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். ஆர்டர் வந்தது. வந்த கையோடு முதலாளி துணியை மாற்றினார். புதுத் துணியைப் பதினேழு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்து, "ஜன்னலுக்குத் திரை போடலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் துணியில் செய்த முதல் லாட்டைச் சுட்டுக் காட்டத்தான் எம்.பி. வருகிறார். முந்தின நாள் மேனேஜர் செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஹெல்மெட்டோடு வந்தார்.

"இதுல ஒரு சீல் போடுங்க பதினேழு."

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. "இது நம்ம லாட் இல்லையே சார். கால் கிலோ கூட இருக்கு. எத்தனை அடுக்கு?"

"அடுக்கெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"அறுத்துப் பார்த்து நானே எண்ணிக்கட்டுமா?"

மேனேஜர் கதவைச் சாத்தினார். "ஆறு அடுக்கு கூட. போதுமா? நாளைக்கு எம்.பி. கையால எடுத்துக் குடுத்துச் சுடப் போறது இதைத்தான், படத்துல சீல் தெரியணும். வாருல சிவப்பு நூல் கட்டியிருக்கேன். அவரோட பி.ஏ.கிட்டயும் சொல்லியாச்சு."

"மத்த அறுநூறு?"

"அதை யாரும் சுடப் போறதில்ல."

"எதிரிகிட்டயும் சொல்லியாச்சா சார்?"

"இந்த வாயை வீட்ல வச்சுட்டு வாங்க. லாட் தோத்தா ரெண்டாவது ஷிப்டை மூடறோம். ரெண்டாவது ஷிப்டுல பிரஸ் ஓட்டறது யாரு? உங்க மாப்பிள்ளை. கைக்குழந்தைக்காரன்."

பதினேழு சீலை மையில் ஒற்றி, குத்தினார். எப்போதும்போல நேராகத்தான் குத்தினார். கை மட்டும் அழுக்கான மாதிரி இருந்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை.

மறுநாள் எம்.பி. முப்பது பேரோடு வந்தார். அதில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடிப்பதற்கென்றே பிறந்தவர்கள். ஒரு ஹெல்மெட்டை எடுத்து முன்னும் பின்னும் மாற்றி மாட்டிக்கொண்டு போஸ் கொடுத்தார். பட்டாளத்திலிருந்து சோதனைக்கு வந்திருந்த மேஜர் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு லாட்டின் முன்னால் வந்து, சிவப்பு நூல் கட்டியதை நேராகப் போய் எடுத்தார். கையில் இரண்டு தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தார். சிரித்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு! இதைப் போய்ச் சுட்டு வீணாக்கணுமா? இதை நான் ஆபீஸ்ல வச்சுக்கறேன்." பி.ஏ. கையில் அதைத் திணித்துவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொன்றை எடுத்து மேஜரிடம் நீட்டினார். "இதைச் சுடுங்க."

மேனேஜருக்கு முகத்தில் ரத்தம் இல்லை. "சார்... அது வந்து... அதுதான் சார்..."

"என்னய்யா, உங்க எம்.பி.க்கு ஒரு ஹெல்மெட் தர மாட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேஜர் பக்கத்தில் நிற்கும்போது மேனேஜர் என்ன சொல்ல முடியும்? அவரும் சிரித்தார், பல்வலிக்காரன் மாதிரி.

சுட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினால், களிமண் தலையில் காதுக்கு மேலே கோழி முட்டை புகுந்து படுத்துக்கொள்கிற குழி. மேஜர் அளவுகோலை உள்ளே விட்டார்.

"நாற்பத்தொண்ணு. இது மழைக்குப் போட்டுக்கலாம், சண்டைக்கு ஆகாது." கழிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுத்த டீயைத் தொடாமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

எம்.பி. செல்போன்களைப் பார்த்துத் திரும்பினார். "ஒரே ஒரு குண்டை வச்சு ஒரு ஊரையே தோக்கடிக்கப் பாக்கறாங்க. விட மாட்டேன்."

பதினேழு டிரில் மிஷினை எடுக்கப் போனார். மேனேஜர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "மிஷின் ரிப்பேர்னு எழுதிக்குங்க. ரெண்டே நாள் பொறுங்க. முதல்ல எம்.பி. ஆபீசுக்குப் போய் அந்த ஹெல்மெட்டை வாங்கிட்டு வாங்க. எவனாவது எடை போட்டுப் பார்த்தா நாம காலி. அதுல உங்க சீல் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

பதினேழு மிஷினைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருஷத்தில் கழிவு லாட்டை ஓட்டை போடாமல் அவர் வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான். சாப்பிடும்போது, பிரசவத்துக்கு வந்து தங்கியிருந்த மகள், "என்னப்பா, உப்பு இல்லையா?" என்று கேட்டாள். உப்பு இருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

எம்.பி. ஆபீசில் காலை எட்டு மணிக்கே நாற்காலி இல்லை. வேலை கேட்டு வந்தவர்கள், மாற்றல் கேட்டு வந்தவர்கள், எதற்கு வந்தோம் என்று மறந்துபோனவர்கள். சுவரில் பீரங்கி வண்டி மேலே எம்.பி. நிற்கிற படம். பதினோரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

எம்.பி. ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் மேஜை மேல் கவிழாமல் மல்லாக்கக் கிடந்தது. உரித்த தோலையும், துப்பிய கொட்டையையும் அதற்குள்ளேதான் போட்டுக்கொண்டிருந்தார். தோலுக்கு அடியில் பாதி நம்பர் தெரிந்தது.

"வாங்க பதினேழு. பேரு சரிதானே? உள்ளேயே எழுதியிருக்கே."

"மேனேஜர் அதை வாங்கிட்டு வரச் சொன்னாரு சார்."

"சொல்லுவாரு. நூலைக் கட்டி, பி.ஏ.கிட்ட ஆளனுப்பிச் சொன்னா, எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா ரிப்பன் வெட்டறேன் பெரியவரே. எந்தத் தொழிற்சாலைல எதை ஒளிச்சிருக்காங்கன்னு வாசல்லயே மூக்குக்குத் தெரியும்."

"அப்போ தெரிஞ்சேதான் எடுத்தீங்களா?"

"இதைச் சுட்டிருந்தா எனக்கு என்ன? ஒரு கைத்தட்டல். சுடாம வச்சிருந்தா உங்க முதலாளி என் சட்டைப் பையில. இனிமே அங்க ஆள் எடுத்தா என் லிஸ்ட்லருந்துதான்." ஒரு கொட்டையைத் துப்பினார். அது சீல் மேல் விழுந்தது.

"லாட் தோத்துடுச்சே சார்."

"யார் சொன்னது? இருபத்தஞ்சுன்னு எழுதினது யாரு? கமிட்டி. நான் எங்க இருக்கேன்? கமிட்டில. வர்ற புதன்கிழமை அது நாற்பத்தஞ்சு. நாற்பத்தொண்ணு பாஸ்."

"நம்பர் மாறும் சார். மண்டை மாறாதே. உள்ள இருக்கற இடம் அதேதானே?"

எம்.பி. நிஜமாகவே ரசித்துச் சிரித்தார். "நீங்க மண்டையைப் பத்தி யோசிக்கறீங்க, நான் வயித்தைப் பத்தி யோசிக்கறேன். நானூறு வயிறு. சண்டை வந்து எத்தனை வருஷமாச்சு? பெட்டிக்குள்ளயே கிடந்து மக்கப் போற சாமான். புதன்கிழமைக்கு அப்புறம் அது சீலோட கிளம்பணும். இல்லன்னா இந்த ஒண்ணு மேஜர்கிட்டப் போகும். இதுல மேனேஜர் பேரும் இல்ல, முதலாளி பேரும் இல்ல. பதினேழுன்னுதான் இருக்கு. ஆரஞ்சு சாப்பிடறீங்களா?"

இரண்டு சுளையைப் பதினேழின் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டார். ஏன் வாங்கினோம் என்று படியிறங்கும்போதுதான் தோன்றியது. சாக்கடையில் எறிந்தார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோதும் கையில் அந்த வாடை இருந்தது.

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம். கழிவு லாட் கம்பி வலை போட்ட அறையில் இருந்தது, சாவி அவரிடம் இருந்தது. டிரில் மிஷினைச் செருகி முதல் ஹெல்மெட்டை எடுத்தார். காதுக்கு மேலே வைத்து அழுத்தினார். பிசின் கருகுகிற நாற்றத்தோடு ஓட்டை விழுந்தது. ஓரமாக வைத்தார். அடுத்தது.

நாற்பதோ ஐம்பதோ ஆனபோது மாப்பிள்ளை ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"மாமா! உங்களுக்கு என்ன பைத்தியமா? புதன்கிழமை பாஸாகப் போகுதாமே, எல்லாரும் சொல்றாங்க!"

"பிளக்கை மாட்டுங்க மாப்பிள்ளை."

"மாட்ட மாட்டேன். ரெண்டாவது ஷிப்டை மூடிட்டா நான் எங்க போவேன்? உங்க பொண்ணு எங்க போவா?"

"சரி. இதுல ஒண்ணை எடுத்து உங்க தலையில மாட்டிக்கிட்டு அந்தச் சுவர்கிட்ட நில்லுங்க. லாட்டைச் சுடற துப்பாக்கிக்காரரைக் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை சுடச் சொல்றேன். நின்னா, நான் விட்டுடறேன்."

மாப்பிள்ளை ஹெல்மெட்டைப் பார்த்தான். அதை அமுக்கியதே அவன்தான். "நான் ஏன் போடணும்? எவனோ போடப் போறான்" என்றான்.

"அந்த எவனோவுக்கும் ஒரு மாமனார் இருப்பான்டா."

இருபத்தாறு வருஷத்தில் அவர் யாரையும் 'டா' போட்டதில்லை, மாப்பிள்ளையை நிச்சயமாக இல்லை. அவன் பிளக்கைக் கீழே போட்டுவிட்டு மேனேஜரைக் கூப்பிட ஓடினான். பதினேழு கதவை உள்ளே பூட்டிக்கொண்டு பிளக்கை மாட்டினார்.

வெளியே கதவைத் தட்டினார்கள், கெஞ்சினார்கள், அசிங்கமாகத் திட்டினார்கள். கரன்டை அணைத்தால் பிரஸ்ஸும் நின்றுவிடும், அச்சில் இருக்கிற பிசின் இறுகிப்போகும். அதனால் அணைக்கவில்லை. அந்தக் கணக்கு பதினேழுக்கும் தெரியும். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் துளைத்து முடித்தபோது தோள்பட்டை கழன்றுவிட்ட மாதிரி இருந்தது. கதவைத் திறந்து, சீலைப் பையிலிருந்து எடுத்து மேனேஜர் மேஜை மேல் எறிந்தார்.

"போலீசைக் கூப்பிடுங்க. சிவப்பு நூல் கதையையும் சேர்த்துச் சொல்றேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனார். அந்தச் சீலை எறிந்தாரே, அதுதான் அவர் செய்த முட்டாள்தனம். காலில் போட்டு மிதித்திருக்க வேண்டும், அடுப்பில் போட்டிருக்க வேண்டும். வீறாப்பில் அது தோன்றவில்லை.

பத்து நாள் போலீசுக்குக் காத்திருந்தார். பெண்டாட்டி ஒரு சலவைச் சட்டையைத் தயாராக மடித்து வைத்திருந்தாள். மகள் பேசவில்லை, தட்டை டங்கென்று வைப்பாள், அதுதான் பேச்சு. போலீஸ் வரவில்லை. பதினோராம் நாள் மாப்பிள்ளைதான் வந்தான், பழப் பையோடு, முகமெல்லாம் பல்லோடு.

"மாமா, டி.வி.யைப் போடுங்க!"

டி.வி.யில் எம்.பி. பாராளுமன்றத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஓட்டை போட்ட ஹெல்மெட். சுண்டு விரலை உள்ளே விட்டு ஆட்டிக் காட்டினார். நம் வீரனின் தலை வெயிலில் வேகிறது, அதைப் பற்றி இத்தனை வருஷம் எவன் கவலைப்பட்டான், எங்கள் ஊர்த் தொழிலாளி ஒருவர்தான் கவலைப்பட்டார், காற்று போக வழி செய்தார் என்றார். குரல் தழுதழுத்தது. பெஞ்சைத் தட்டினார்கள். குழி நாற்பத்தைந்து வரை இருக்கலாம், இனி ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் காதுக்கு மேலே காற்று ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதாம்.

"ஓட்டை போடறதுக்குன்னே தனிப் பிரிவு மாமா. இருபத்திரண்டு புது ஆள். எல்லாம் எம்.பி. லிஸ்ட். சூப்பர்வைசர் யாரு தெரியுமா? நான்தான்!"

மகள் பத்து நாளைக்கப்புறம் வாயைத் திறந்தாள். "அப்பா, டீ போடட்டுமா?"

பதினேழு டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேஜர் என்ன சொன்னாரு?"

"அவரை எங்கயோ மாத்திட்டாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையில் விழா. பெண்டாட்டி போக வேண்டாம் என்றாள். பதினேழு போலீசுக்காக மடித்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். மைக் கிடைக்குமல்லவா, ஊர் முன்னால், பட்டாளத்து ஆள் முன்னால் ஒரு தடவை சொல்லிவிடலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மேடையில் எம்.பி. அவரைக் கட்டிப்பிடித்தார். ஆரஞ்சு வாடை இல்லை, சென்ட் வாடை. பரிசாக அந்த லாட்டிலிருந்தே ஒரு ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தார்கள். பழக்கத்தில் அதைத் திருப்பி உள்ளே பார்த்தார்.

பதினேழு.

மை புதுசு. நம்பர் கோணலாக விழுந்திருந்தது. அவர் ஒரு நாளும் கோணலாகக் குத்தியதில்லை. ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதிலும் இப்படித்தான் எவனோ உட்கார்ந்து குத்தியிருக்கிறான். கிளம்பத் தயாராக லாரி கேட்டருகே நின்றுகொண்டிருந்தது.

மைக்கைப் பிடித்தார். "இந்த ஓட்டை காத்துக்கு இல்ல. இது ஆகாத ஹெல்மெட்டுன்னு காட்டறதுக்கு நான் போட்டது. இதுக்குள்ள இருக்கற சீல் நான் குத்தினது இல்ல. இதை நம்பித் தலையில போடறவன் செத்துப்போவான்."

அவர் எதிரே பார்த்தார். துணி வெட்டுகிறவர்கள், பிசின் ஊற்றுகிறவர்கள், பிரஸ் ஓட்டுகிறவர்கள், புதுச் சட்டையில் இருபத்திரண்டு பேர். ஒரு முகத்திலும் அதிர்ச்சி இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் சொன்னது ஒன்றும் அவர்களுக்குப் புதுசில்லை. வெட்டினவனுக்குத் தெரியும், ஊற்றினவனுக்குத் தெரியும், அமுக்கினவனுக்குத் தெரியும். ஒருவன் இருமினான். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். புதிதாக வந்திருந்த பட்டாளத்து அதிகாரி விழா அழைப்பிதழைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

எம்.பி. மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா? இவ்வளவு செஞ்சும் பெரியவருக்குத் திருப்தி இல்ல! இன்னும் நல்லா செய்யணுங்கறாரு! இதுதான் இந்த ஊரு!"

கைத்தட்டல் முதல் வரிசையில் தொடங்கிப் பின்னால் போனது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தான். பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தான். அவனும் தட்டினான்.

பதினேழு மேடையிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டோடு நேராகக் கக்கூசுக்குப் போனார். விழாவுக்காகக் கழுவியிருந்தார்கள். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். தாழிட்டுக்கொண்டு, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். முழுக்க ஹெல்மெட்டுக்குள் எடுத்தார். காதுக்கு மேலே இருந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஒழுகியது. அதை அங்கேயே மூலையில் வைத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தார்.

கேட்டில் லாரி புறப்பட்டுப் போயிருந்தது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தான்.

"என்ன அண்ணே, பரிசு ஹெல்மெட்டை உள்ளேயே விட்டுட்டீங்களா? எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்."

"எடுக்கட்டும்" என்றார் பதினேழு. "போடறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தனாவது பார்ப்பானில்ல."